ஏழு நாள் வாஷர்

ஒழுகுகிற குழாயை நிறுத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று குடிநீர் அலுவலகத்தில் பேர். முப்பத்துநாலு வருஷம் ஃபிட்டர் வேலை. தரையில் காதை வைத்தால் மூன்றடி ஆழத்தில் ஓடுகிற குழாய்க்கு ஜலதோஷம் பிடித்திருப்பதைக்கூடச் சொல்லிவிடுவார். அவர் சைக்கிள் தெருவுக்குள் நுழைந்ததுமே பாதிக் குழாய்கள் பயந்துபோய்த் தாமாகவே ஒழுகுவதை நிறுத்திக்கொள்ளும் என்பார்கள். மீதிப் பாதி அவர் ஸ்பேனரை எடுத்ததும் நின்றுவிடும்.

அப்பேர்ப்பட்ட குழாய்க்காரரின் சொந்த வீட்டு மாடியில், சமையலறைக் குழாய் ஒன்பது வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அது சொட்டிய தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தால் நடுத்தரமான கப்பல் ஒன்றைத் தாராளமாக மிதக்க விட்டிருக்கலாம்.

காரணம் இல்லாமல் இல்லை. கீழ் வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். மனைவியைத் தெருவே எக்ஸ்சேஞ்சம்மா என்று சொல்லும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். பெண் பார்த்தது, பேசி முடித்தது, முறித்துக்கொண்டது என்று ஊர்ப்பேச்சு மொத்தமும் அவருடைய இடது காதில் நுழைந்து வலது காது வழியாகப் போனது. ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, நாற்காலியில் சாய்ந்து, "கொஞ்ச நாளைக்கு யாரும் எங்கிட்ட பேசாதீங்க" என்றார். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடிந்தபாடில்லை. கோபமோ வருத்தமோ கிடையாது. "சோறு ஆச்சு", "மழை வருது", "துணி" என்கிற மூன்றை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிவிடுவார். மழை இல்லாத நாளில் இரண்டே போதும்.

குழாய்க்காரரோ பேசாவிட்டால் வீங்கிவிடுகிற ஜாதி. வேலையில் இருந்தவரை நாளுக்குப் பத்து வீட்டுச் சமையலறை, பத்து வீட்டுப் பேச்சு. "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே குழாயைக் கழற்றுவார், கதை முடிகிறபோது மாட்டுவார். கதை நீளமென்றால் நல்ல குழாயையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட்டு வருவார்.

மாடியை முதல் தடவை வாடகைக்கு விட்டபோது, வெளியூரில் இருக்கும் மகன் போனில் கூப்பிட்டான். அவனும் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருந்தான். ஒரு வீட்டை விட்டவன் ஊருக்கே உபதேசம் செய்கிற தகுதி பெற்றுவிடுகிறான்.

"அப்பா, எழுதிக்கங்க. எல்லாம் எழுத்துல இருக்கணும். சாவி குடுக்கறதுக்கு முன்னாடி சுவர் சுவரா போட்டோ எடுத்துருங்க. ரிப்பேர்னு சொன்னா ரெண்டு நாளைக்குள்ள பார்த்துக் குடுத்துரணும்."

"அது நம்ம வேலைதானேடா."

"இருங்க. முக்கியமானது இனிமேதான். வாடகைக்கு விட்டாச்சுன்னா அது அவங்க வீடு. காரணம் இல்லாம நீங்க படியேறக் கூடாது. சும்மா போய் உக்காந்து அரட்டை அடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். வேவு பார்க்க வந்திருக்கார்னு நினைப்பாங்க."

"சும்மா போகக் கூடாது."

"கூடவே கூடாது."

"காரணம் இருந்தா?"

"காரணம் இருந்தா போலாம்."

அந்த இடத்தில் குழாய்க்காரர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். வேண்டியது கிடைத்துவிட்டது.

மாடிக்கு வந்தவர்கள் ரொட்டிக்காரரும் டீச்சரும். அவர் பேக்கரியில் அடுப்படி மேஸ்திரி. விடியலில் போய் மத்தியானம் திரும்புவார், ஞாயிறு மட்டும் லீவு. இரண்டு தெரு தள்ளி வரும்போதே வாசனை வந்து கதவைத் திறந்துவிடும். அவர் மனைவி கணக்கு டீச்சர். பிள்ளைகள் இல்லை. அதனால் வீட்டில் இரைச்சலுக்குக் குறை வந்துவிடக் கூடாதென்று இரண்டு பேரும் தினமும் விவாதம் நடத்தினார்கள். ஜன்னலைத் திறந்தால் புழுக்கம் குறையுமா கூடுமா என்பதை ஒரு கோடை முழுக்கப் பேசினார்கள். கோடை முடிந்து மழை வந்து ஜன்னலைச் சாத்திய பிறகும் தீர்ப்பு வரவில்லை.

இந்தப் பேச்செல்லாம் கூரை வழியாகக் கீழே இறங்கும், ஆனால் வார்த்தை புரியாது. யாரோ பந்தி வைத்துச் சாப்பிட, நமக்கு வாசனை மட்டும் வருகிற மாதிரி. குழாய்க்காரர் நாற்காலியைக் கூடத்தில் எங்கே போட்டால் இரண்டு வார்த்தை கூடுதலாக விழும் என்று அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தார். கடைசியில் நாற்காலி குளியலறை வாசலுக்கு வந்து நின்றது. அதற்கு மேல் நகர்த்தினால் குளியலறைக்குள்தான்.

முதல் ஒழுகல் நிஜமாகவே ஒழுகல்தான். டீச்சர் வந்து சொன்னார், குழாய்க்காரர் மேலே போனார். மொட்டைமாடித் தொட்டியின் வால்வை அடைத்தார், குழாய்த் தலையைக் கழற்றினார், வாஷர் தேய்ந்திருந்தது. புதுசு போட்டால் ஐந்து நிமிஷ வேலை. அதற்குள் டீச்சர் டீயும் பன்னும் கொண்டுவந்து வைத்து, "மாமா, நீங்களே சொல்லுங்க. ஒரு மனுஷன் வீட்டுல பத்து நாற்காலி இருக்க, வாசப்படியிலயே உக்காருவேன்னா என்ன அர்த்தம்?" என்றார். "காத்து வருதுடி" என்றார் ரொட்டிக்காரர். "பத்து நாற்காலி எங்க இருக்கு, மூணுதான் இருக்கு. கணக்கு டீச்சராம்." மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை. இறங்கி வரும்போது குழாய்க்காரருக்கு வயது இருபது குறைந்திருந்தது.

அடுத்த வாரம் குழாய் ஒழுகவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தன் கைராசியை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சபித்தார்.

அதன் பிறகு நடந்தது பெரிய விஞ்ஞானம். ஏதோ சாக்கில் மேலே போய்ப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாஷராகப் போட்டுப் பார்த்தார். இருபது நாள் தாங்கியது, ரொம்ப அதிகம். மருந்து பாட்டில் மூடியின் உள்தக்கை மூன்றே நாளில் பிய்ந்தது. மானம் போகிற வேலை. பலவிதமான ஆராய்ச்சிக்குப் பிறகு வீட்டுச் செருப்பின் குதிகால் ரப்பர் அகப்பட்டது. அதை நாலணாக் காசு அகலத்துக்கு வெட்டி, நடுவில் சூட்டுக்கோலால் துளை போட்டு மாட்டினால், திங்கள் செவ்வாய் அசையாது, வியாழன் கசியும், வெள்ளி சொட்டும், சனிக்கிழமை வேகமெடுக்கும், ஞாயிறு காலை பத்து மணிக்கு டீச்சர் மாடிப்படியில் நின்று, "மாமா, மறுபடியும்" என்பார். ஏழு நாள். கடிகாரம்கூட அவ்வளவு ஒழுங்காக ஓடாது.

இப்படியே ஒன்பது வருஷம். ஞாயிறுதோறும் மாடிச் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு, மடியில் குழாய்த் தலையை வைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் நடுவில் நீதிபதி உத்தியோகம் பார்த்தார். ஒருநாளும் தீர்ப்புச் சொன்னதில்லை. தீர்ப்புச் சொன்னால் அடுத்த ஞாயிறு வழக்கு இருக்காதே.

அந்த மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் ரொட்டிக்காரர் கீழே இறங்கி வந்தார். சட்டைக்கு எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார். அது ஒன்றே போதும், சேதி நல்லதில்லை.

"உக்காருங்க மாப்ளே. என்ன, விறைப்பா நிக்கிறீங்க?"

"இல்ல மாமா, ஒரு விஷயம். நாங்க வேற வீடு பார்த்திருக்கோம். ஒரு மாசம் முன்னாடி சொல்லணும்னு எழுதியிருக்கில்ல, அதான்."

குழாய்க்காரர் வாயைத் திறந்தார். அவர் வாழ்நாளில் அது வெறுமனே திறந்தது அன்றைக்குத்தான்.

"எதுக்கு?" என்றார்.

"டீச்சருக்கு ஸ்கூலுக்குப் பக்கம்."

"இங்கயிருந்து பஸ் இருக்கே."

"இருக்கு மாமா."

"நின்னுட்டுத்தான் போகணும்னாலும் இருக்கே."

"இருக்கு." ரொட்டிக்காரர் தரையைப் பார்த்தார். "வரட்டுமா மாமா?" என்று மாடியேறிப் போய்விட்டார். எக்ஸ்சேஞ்சம்மா சமையலறையில் பாத்திரம் துலக்குவதை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, மறுபடி தொடங்கினார்.

அந்த நாலு நாளும் மழை. ஒருவழியாக ஞாயிறு வந்தது. "மாமா, மறுபடியும்" என்ற குரலும் வந்தது, கொஞ்சம் சுரத்துக் குறைவாக. அவர் பையை எடுத்துக்கொண்டு மேலே போனார். கூடத்தில் அட்டைப்பெட்டிகள். வழக்குக் கட்டு எதுவும் பிரிக்கப்படவில்லை. டீச்சர் டீயை வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றார்.

குழாயின் வாயில் வழக்கம்போல ஒரு நூல் கட்டித் தொங்கியது. கீழே வாளி வரைக்கும் நீண்ட வெள்ளை நூல். வாராவாரம் அவர் அதை அவிழ்த்து ஓரமாக வைப்பார். வேலை முடிந்ததும் பார்க்கவே மாட்டார். ஏதோ அழகுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்ற நினைப்பு.

"ஸ்கூல் பக்கம்னு சொன்னா, இங்கயே பக்கத்துல இன்னொரு ஸ்கூல் இருக்கேம்மா. மாத்தல் கேட்டா—"

"ஸ்கூல் இல்ல மாமா."

"ஏய், விடு" என்றார் ரொட்டிக்காரர்.

"எப்படியும் போறோம். சொல்லிட்டுத்தான் போவோமே. மாமா, இந்தச் சொட்டுதான். எனக்குத் தூக்கமே இல்ல. வெள்ளிக்கிழமை நிமிஷத்துக்கு நாப்பத்திரண்டு. சனிக்கிழமைன்னா அறுபது. வேணாம்னு நினைச்சாலும் எண்ணிட்டே இருக்கேன், தொழில் புத்தி. அதுக்குத்தான் நூல் கட்டறது. தண்ணி நூலைப் பிடிச்சு இறங்கிரும், சத்தம் வராது. ஆனா பாதியில நூல் விலகிடும். எழுந்து போய்ச் சரி பண்ணணும்."

குழாய்க்காரர் கையில் இருந்த நூலைப் பார்த்தார்.

"ஒன்பது வருஷம் ஏம்மா சொல்லல?"

"எப்படி மாமா சொல்றது? வாராவாரம் வந்து, மூணு மணி நேரம் தரையில உக்காந்து, உயிரைக் குடுத்துப் பார்க்கறீங்க. எவ்வளவு பெரிய ஃபிட்டர். இவர் சொன்னாரு, மாமாவுக்கு வயசாகுது, கை முன்ன மாதிரி நிக்கல, அதைப் போய் முகத்துக்கு நேரா சொல்லக் கூடாதுன்னு. வேற ஆளைக் கூட்டிட்டு வந்தா உங்களுக்கு எவ்வளவு அவமானம். அதுக்கு வீடு மாறிக்கலாம்னு தோணிச்சு."

தரைக்கடியில் ஓடுகிற குழாயின் ஜலதோஷத்தைக் கண்டுபிடிக்கிற மனிதர், கையில் நூலோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எந்த வாஷரைப் போட்டார் என்று அவருக்கே தெரியாது. டீ ஆறிப்போனது. அரை மணியில் கீழே வந்துவிட்டார்.

எக்ஸ்சேஞ்சம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். பிறகு, பன்னிரண்டு வருஷத்தில் காணாத அதிசயமாக, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"செருப்பு" என்றார்.

"என்ன செருப்பு?"

"என் செருப்பு. ஒன்பது வருஷத்துல பதினோரு ஜோடி. மேல வாரு புதுசா இருக்கும், குதிகால்ல வட்டம் வட்டமா ஓட்டை. எலி இவ்வளவு ரவுண்டா கடிக்குமா?"

"உனக்குத் தெரியுமா?"

"முதல் ஜோடியிலயே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் வீடு நிம்மதியா இருந்துச்சு. பதினோரு ஜோடி செருப்பு அதுக்குச் சல்லிசு." மாடிப் பக்கம் கையைக் காட்டினார். "போய்ச் சொல்லிட்டு வாங்க."

"சொன்னா போயிருவாங்க."

"சொல்லாட்டியும் போறாங்க. சொல்லாட்டி உங்களுக்குக் கை போச்சுன்னு பரிதாபப்பட்டுட்டே போவாங்க. சொன்னா கோவிச்சுட்டுப் போவாங்க. எது வேணும்?"

குழாய்க்காரர் யோசித்தார். பரிதாபத்தைவிடக் கோபமே மேல். வெட்டி வைத்திருந்த செருப்பு வாஷர் டப்பாவை எடுத்துக்கொண்டு மறுபடி படியேறினார். பன்னிரண்டே படிதான், அன்றைக்கு நூற்றிருபது இருந்தது.

டப்பாவைத் திறந்து டீச்சர் முன்னால் வைத்தார். ஒளிக்காமல் சொன்னார்: டியூப், தக்கை, குதிகால், ஏழு நாள். சொல்லச் சொல்ல ரொட்டிக்காரர் முகம் சிவந்தது, கன்னம் உப்பியது. கடைசியில் அவர் சிரித்த சிரிப்பில் அட்டைப்பெட்டி ஒன்று சரிந்தது.

"ஏழு நாள் கணக்கா? மாமா, நாங்க ரொட்டிக்குக்கூட இவ்வளவு சரியா தேதி போட்டதில்ல."

டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு வாஷரை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இதை எண்ணிட்டு நான் தூங்காம இருந்திருக்கேன்."

"ஆமாம்மா."

"எதுக்கு மாமா? வந்து உக்காந்து பேசணும்னா வந்து உக்காந்து பேச வேண்டியதுதானே."

"வீட்டுக்காரன் சும்மா எப்படிம்மா வர்றது? சுவத்துல ஆணி அடிச்சிருக்காங்களான்னு பார்க்க வந்தான்னு நினைப்பீங்க. நான் வந்தா நீங்க எந்திரிச்சு நிப்பீங்க. கையில ஸ்பேனர் இருந்தா நிக்க மாட்டீங்க. உங்க பாட்டுக்குச் சண்டை போடுவீங்க."

"ஒன்பது வருஷமும் வீட்டுக்காரராத்தான் வந்தீங்களா?"

டீச்சர் எழுந்து உள்ளே போய்விட்டார். ரொட்டிக்காரர் குரலைத் தாழ்த்தி, "எனக்கு இங்கயே இருந்துரலாம்னுதான் மாமா. ஆனா வார்த்தை குடுத்துட்டோம். அந்த வீட்டுக்காரம்மா வேற யாருக்கும் காட்டாம எங்களுக்காக வீட்டை வெச்சிருக்காங்க. அவளும் இப்ப..." என்று கதவைக் காட்டினார்.

"இருக்கட்டும் மாப்ளே. ஒன்பது வருஷத் தூக்கம். அவ்வளவு சீக்கிரம் தீராது."

கோபம் தீர நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் டீச்சர் படியில் நின்று, "மாமா, போறதுக்கு முன்னாடி அந்தக் குழாயை ஒழுங்கா ஒரு தடவை சரி பண்ணுங்க. நான் பார்க்கணும்" என்றார்.

அவர் பண்ணினார். தோல் வாஷரை எண்ணெயில் ஊறவைத்து, அது உட்காரும் வளையத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, திருகு மரைக்கு நூல் சுற்றி, நாலே நிமிஷத்தில் முடித்தார். திறந்தார், மூடினார். மூன்று பேரும் காத்திருந்தார்கள். ஒரு சொட்டு இல்லை. மழைகூட அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.

"கை நல்லாத்தான் மாமா இருக்கு" என்றார் டீச்சர் மெல்ல. அவ்வளவு அமைதியை அந்தச் சமையலறை அதுவரை கேட்டதில்லை.

சாமான் ஏற்றிய அன்று மகன் போனில் வந்தான். "சாவி வாங்கறதுக்கு முன்னாடி பழைய போட்டோவை வெச்சு ஒவ்வொரு சுவரா பாருங்கப்பா. கறை, கீறல், ஆணி ஓட்டை, எல்லாத்தையும் குறிச்சுக்கங்க."

அவர் ஒவ்வொரு சுவராகத்தான் பார்த்தார். நாட்காட்டி தொங்கிய இடத்தில் வெளிர்ச் சதுரம். ரொட்டிக்காரர் வாசற்படியில் சாய்ந்து சாய்ந்து நிலைக்கட்டையில் தலையெண்ணெய் வழவழப்பு. குழாய்க்குக் கீழே கல்லில் துருப்பிடித்த பழுப்புக் கோடு.

"இதுக்கு அட்வான்ஸ்ல எவ்வளவு பிடிப்பீங்க மாமா?" என்றார் டீச்சர்.

"அது நான் போட்டது."

"தெரியுதில்ல." சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். "வாங்க மாமா. அந்த வீட்டுல குழாயெல்லாம் நல்லா இருக்கு. பரவாயில்ல, வாங்க."

லாரி தெருமுனை திரும்பியது. லாரிக்குப் பின்னால் போன ரொட்டி வாசனை கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு அதுவும் போனது.

மாடி ஐந்து வாரம் காலியாகக் கிடந்தது. இப்போது அவர் எப்போது வேண்டுமானாலும் மேலே போகலாம். சொல்லிவிட்டுப் போக வேண்டியதில்லை, காரணம் தேட வேண்டியதில்லை. போனார். சமையலறைத் தரையில் அதே இடத்தில் உட்கார்ந்தார். ஆயுளில் போட்ட வாஷர்களிலேயே தலைசிறந்த வாஷர் எதிரே இருந்தது. இனி முப்பது வருஷத்துக்கு அசையாது. வெறும் அறையில் அவர் கனைத்தால் அது சுவர் சுவராகப் போய்த் திரும்பி வந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தார், சாத்தி வைத்துப் பார்த்தார். புழுக்கம் குறைகிறதா கூடுகிறதா என்று தெரியவில்லை. சொல்ல ஆள் இல்லை.

பிறகு லிஃப்ட் மெக்கானிக் ஒருவரும் அவர் மனைவியும் குடிவந்தார்கள். பொன்னான மனிதர்கள். பல்பு போனால் அவரே மாட்டிக்கொள்வார், கதவு முனகினால் அவரே எண்ணெய் விடுவார். இரண்டு பேரும் பேசினால் கொசு பேசுகிற மாதிரி இருக்கும். மகனுக்குப் பரம திருப்தி.

ஒரு ஞாயிறு காலை எக்ஸ்சேஞ்சம்மா வந்து முன்னால் நின்றார்.

"நீங்க தண்ணித் தொட்டி மோட்டார்கிட்ட பேசறீங்க."

"சும்மா விசாரிச்சேன்."

"அது பதில் சொல்லுதா?"

"முனகுது."

"கிளம்புங்க. இருபது நிமிஷ பஸ்."

"அவங்க வீட்டுக்கா? எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது?" என்று சொல்லிக்கொண்டே அவர் கை தானாக ஸ்பேனர் பைக்குப் போனது. எக்ஸ்சேஞ்சம்மா பையை வாங்கித் தன் நாற்காலிக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "சாயங்காலம் வந்து என்ன பேசினாங்கன்னு எனக்குச் சொல்லுங்க" என்றார். குழாய்க்காரர் பஸ் ஏறி இறங்கும்வரை அந்த வாக்கியத்தை நம்பவில்லை.

வெறுங்கையோடு நடப்பது அவருக்குப் பழக்கமில்லை. கைகளை முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார், கடைசியில் தொங்கவிட்டார். வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. வீடு தெரிந்தது. வாசலில் ஒரு தோட்டக் குழாய். கண்ணாலேயே சோதித்தார். பழுதில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

உள்ளே பேச்சுச் சத்தம். "உப்பு போடறதுக்கு முன்னாடி ருசி பார்த்தா எப்படிங்க தெரியும்?" "போட்ட பிறகு பார்த்து என்ன பண்றது, எடுக்கவா முடியும்?" ஒவ்வொரு வார்த்தையும் முழுசாக, சுத்தமாக, நேராகக் காதில் விழுந்தது. அவர் கதவுக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வெயில் தலையைச் சுட்டது. எவ்வளவு நேரம் நின்றார் என்று கேட்டால் அரை யுகம் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு தட்டினார்.

"யாரு?" டீச்சர் குரல்.

இத்தனை வருஷமும் எந்தக் கதவைத் தட்டினாலும் 'குழாய்' என்று ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்கிறார். கதவு திறந்துவிடும். இன்றைக்கு அந்த வார்த்தை உதவாது. வீட்டுக்காரர் என்று சொல்ல முடியாது. இது அவர் வீடில்லை. மேல் வீடு கீழ் வீடு என்கிற கணக்கும் முடிந்துவிட்டது.

"நான்தான்."

"எந்த நான்?"

"பார்க்கணும்போல இருந்துச்சும்மா" என்றார் மூடிய கதவைப் பார்த்து. "வேற ஒண்ணுமில்ல."

உள்ளே வழக்கு பாதியில் நின்றது. நாற்காலி ஒன்று அவசரமாக நகர்ந்தது. தாழ்ப்பாளை நோக்கி வருகிற காலடிகளை அவர் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.